மூன்றாவது கழுவுநீர்

பலவான்குடியில் மலட்டு மாடுகளின் கணக்கு
சந்தை ரசீதுகளில்தான் முதலில் தெரிந்தது.
பதினோரு மாதத்தில் ஒன்பது பசு
புதுவயல் தாண்டி லாரியில் போயின.
இருபத்தொரு நாளில் திரும்பவேண்டிய பருவம்
முப்பத்திரண்டில் வந்தது, சிலதுக்கு நாற்பதில்.
ஒட்டிய கரு ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு
யாருக்கும் சொல்லாமல் போயிருக்கிறது.

"காளையைப் பார்க்கணும்" என்றேன்.
கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.
"கோயில் காளை, டாக்டரம்மா. அதுக்கென்ன கேடு?
போன மாசிக்கு எட்டுப் பேரைத் தூக்கிப் போட்டுச்சு."

உண்மைதான். கேடு எதுவும் இல்லை.
கண்ணில் பீளை இல்லை, நடையில் நொண்டல் இல்லை,
விதை இரண்டும் ஒரே கனம், ஒரே சூடு.
இந்தக் கிருமி ஆணை ஒன்றும் செய்வதில்லை.
உறைத்தோலின் உள்ளே
வயதாக வயதாக ஆழமாகும் சுருக்கங்களில்
வாடகை கொடுக்காமல் குடியிருக்கும்,
அதுபாட்டுக்கு.

கயிறு அறியாத காளை.
நிற்கச் சம்மதித்த ஒரே இடம் மஞ்சுவிரட்டுத் தொழு.
பின்கட்டையை அடைக்கலம் செருகினான்.
வாசல் திறக்கும் என்று அது காத்திருந்தது,
பழக்கம்.
நான் மண்டியிட்டேன், சரளை முழங்காலில் ஏற.
முடியை இரண்டு விரல் விட்டுக் கத்தரித்து
வெதுவெதுப்பான உப்புநீர் அறுபது மில்லி
குழாய் வழியே உள்ளே விட்டு
வாயை இறுக்கிப் பிடித்து
வெளியிலிருந்து பிசைந்தேன், நூறு எண்ண வேண்டும்.
அறுபத்து மூன்றில் மூத்திரம் பெய்தது.
கொட்டிவிட்டு முதலிலிருந்து.

கலங்கிய நீர், அரிசி களைந்ததுபோல்.
காற்று அதிகமானாலும் ஆகாது இதற்கு,
அறவே இல்லாவிட்டாலும் ஆகாது.
வெயில் பட்டால் செத்துவிடும்.
செத்துப்போனால், இல்லை என்று எழுதிவிடுவார்கள்.
அதனால் விடியுமுன் காரைக்குடி ஸ்டேஷன்.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
பல்லவனில் அடைக்கலம்,
சன்னலோரம் வேண்டாம் என்று யாரோடோ இடம் மாற்றிக்கொண்டு.

முதல் முடிவு: இல்லை.
வேட்டுப் போட்டார்கள். எனக்கும் ஒரு மாலை.
"அதான் இல்லேன்னு வந்துருச்சே" என்றார் அம்பலம்.
மூன்று முறை இல்லை என்றால்தான் இல்லை, என்றேன்.
ஒருமுறை இல்லை என்றால்
நான் சரியாகப் பிசையவில்லை என்றும் இருக்கலாம்.

இரண்டாவது: இல்லை.
இந்தத் தடவை வேட்டும் இல்லை, டீயும் இல்லை.
"காளையோட அதையே புடிச்சுத் தொங்குறாளே"
என்று ஒருவன், என் காதில் விழட்டும் என்றே.

மூன்றாவதைப் பங்குனி வெயிலில் எடுத்தேன்.
ஆறாம் நாள் போன்.
இருட்டறை நுண்ணோக்கியில்
பச்சையாய் ஒளிர்ந்ததாம்.
காற்புள்ளி காற்புள்ளியாய் இருக்கு மேடம்,
முற்றுப்புள்ளி ஒண்ணைக் காணோம், என்றாள் ஆய்வகத்துப் பெண்.

சொல்லப் போனேன். துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தேன்.
ஊசி உண்டு, உள்ளே தடவ மருந்து உண்டு,
காளை உயிருக்குச் சேதமில்லை,
பசுக்கள் பக்கம் அண்டாமல் கட்டிவைக்கணும்,
அதுவரை எல்லா மாட்டுக்கும் சினை ஊசிதான்.
அம்பலம் ரொம்ப நேரம் காளையையே பார்த்தார்.
"கட்டணுமா?" என்றார்.
வேறெதுவும் கேட்கவில்லை.

எல்லோரும் போனபின் ராக்கு வந்தாள்.
கார்த்திகையில் தன் செவலையை ஏழாயிரத்துக்கு விற்றவள்.
மலட்டு மூதேவி என்று
லாரியில் ஏற்றும்போது விளக்குமாறால் அவளே அடித்தாளாம்.
"அப்ப எம் மாட்டுமேல தப்பு இல்லையா?"

இல்லை, என்றேன்.
படிவத்தில் காளைக்கு முழுப் பக்கம் இருந்தது.
மாதிரி எண், தேதி, முடிவு.
செவலைக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதத் தொடங்கினேன், அவள் சொல்லச் சொல்ல:
நாலு பல், வலக்கொம்பு சற்றே சாய்வு,
நெற்றியில் வெள்ளை.
நாலைந்து மாதம் விட்டுவைத்திருந்தால்
பசுவுக்குத் தானாகத் தேறிவிடும் நோய் இது.
அதை அவளிடம் சொல்லவில்லை.
வெள்ளை எவ்வளவு பெரிசு, என்று கேட்டேன்.